அம்பாசிடரின் ஹெட்டைக் கழற்றுதல்

மனிதனுக்குத் தலை எப்படியோ, எஞ்சினுக்கு 'ஹெட்' அப்படி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பெயர் அவ்வாறு எண்ணச் செய்கிறது. உண்மையில் எஞ்சினின் ஹெட் என்பது ஒரு மூடி. நான்கு சிலிண்டர்களின் வாயையும் ஒருசேர அடைத்துக்கொண்டு மேலே அமர்ந்திருக்கும் கனத்த இரும்பு மூடி. ஆனால் வெறும் மூடி என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும் வழி, எரிந்த புகை வெளியேறும் வழி, சூட்டைத் தணிக்கும் நீர் ஓடும் வழி, எட்டு வால்வுகள், நான்கு பிளக்குகள் ஆகிய எல்லாம் அந்த மூடிக்குள்ளேதான் குடியிருக்கின்றன. ஆகவேதான் பழைய வண்டி சிறிது முனகினாலும், "ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடுவோம்" என்று மெக்கானிக்குகள் கூறுகின்றனர்.

கூறுவது எளிது. இறக்குவதும், ஒருவகையில், எளிதே. நல்ல ஸ்பானர் இரண்டும் தோள் வலிமையும் உள்ளவன் ஒரு மணி நேரத்தில் ஹெட்டைக் கையில் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த ஹெட் மறுபடியும் நேராக உட்காருமா என்பதன்றோ கேள்வி! கழற்றும்போது செய்த பிழை கழற்றும்போது தெரிவதில்லை. பூட்டி, நீர் ஊற்றி, வண்டியை ஓட்டி, பத்து நாளோ இருபது நாளோ சென்றபின் அது தெரிகிறது. அந்தப் பிழை யாது, அது ஏன் நேர்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பௌதிக மாணவன் மன்ற மலருக்கு எழுதினால் அணுவைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ எழுதுவான் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு மோட்டார் எஞ்சின் வாய்த்ததற்குக் காரணம் என் தாய்மாமன். அவர் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில், பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறை விட்டால் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும், கழற்றிய நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவதும் என் வேலை. முதுகலை வகுப்பில் தகைவு, திரிபு என்று கரும்பலகையில் எழுதியபோது, 'இது மாமாவின் பட்டறையில் கேட்ட பாடமல்லவா!' என்று எனக்குத் தோன்றியது.

தங்கவயலை அறியாத நண்பர்களுக்கு ஒரு சொல். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் பலர் பிழைப்புத் தேடிக் குடியேறிய இடம் அது. எங்கள் உறவினர் இன்றும் அதை 'மைசூர் மைன்ஸ்' என்றுதான் சொல்வார்கள். 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கும், 1962-ல் மத்திய அரசின் கைக்கும் வந்து, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. இவ்வளவு ஆழத்திற்கு ஆட்களை இறக்கவும், பாறையை ஏற்றவும், நீரை இறைக்கவும், காற்றை அனுப்பவும் எத்தனை யந்திரங்கள் வேண்டியிருந்திருக்கும்! அந்த யந்திரங்களைப் பேணிய கைகளும், அக்கைகளிடம் பழகிய கைகளும்தான் இன்று எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இருக்கின்றன. இதை இங்கே கூறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

இனி வண்டிக்கு வருவோம். பழைய வண்டிகளில் மாமாவின் பட்டறைக்கு மிகுதியாக வருவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் 1957-ல் வெளியிட்ட அக்காரின் உற்பத்தி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014-ல்தான் நின்றது. தொடக்கத்தில் அதில் இருந்த எஞ்சின் வேறு. அதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நின்றன. ஹெட் உண்மையிலேயே வெறும் மூடியாக இருந்தது. 1959-ல் வந்த 1,489 கன செண்டிமீட்டர் எஞ்சினில் வால்வுகள் மேலே ஹெட்டிற்குள் ஏறிவிட்டன. பல்லாண்டுக் காலம் நம் நாட்டுச் சாலைகளை ஆண்டது இந்த எஞ்சினே. நான் கூறப்போவதும் இதைப் பற்றியே.

இந்த ஹெட்டைக் கீழேயுள்ள பிளாக்குடன் பிணைப்பவை பதினொரு நட்டுகள். பிளாக்கிலிருந்து பதினொரு ஸ்டட்டுகள் முளை அடித்ததுபோல் மேல்நோக்கி நிற்கின்றன, ஹெட் அவற்றின் வழியே இறங்கி உட்காருகிறது, மேலே நட்டு. இரும்புக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய கேஸ்கட் ஒன்று உண்டு. இதன் தொழில் மூன்று: எரியும் வாயுவைச் சிலிண்டரைவிட்டு வெளியேறாமல் காப்பது, நீரை நீர்வழியிலேயே நிறுத்துவது, எண்ணெயை எண்ணெய் வழியிலேயே நிறுத்துவது. மூன்று பகைவர்களை ஒரே வீட்டில் மூன்று அறைகளில் பூட்டிவைத்துக் காவல் காப்பதை ஒத்தது இதன் வேலை.

எவ்வளவு அழுத்தத்தில் அந்தக் காவல் நடக்கிறது? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம், நான்கே வரிதான். நட்டுகளை முறுக்கும் அளவு எஞ்சினின் வகைக்கேற்ப 40 முதல் 50 பவுண்டு-அடி வரை. நடுவாக 45 என்று கொள்வோம். ஸ்டட்டின் பருமன் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. முறுக்குவிசையில் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடுகிறது. அதற்கு வழக்கமான கழிவைக் கழித்தால், ஒவ்வொரு ஸ்டட்டும் சுமார் 7,200 பவுண்டு, அதாவது மூன்றேகால் டன் விசையுடன் ஹெட்டைக் கீழ்நோக்கி இழுக்கிறது. பதினொன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 36 டன்! எதிர்த்தரப்பில், பெட்ரோல் எரியும் கணத்தில் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், 73 மில்லிமீட்டர் வாயுள்ள சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஒன்றேமுக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் எதிரியின் பலம் என்றால் 36 டன் எதற்கு என்று கேட்கலாம். கேஸ்கட் எல்லா இடத்திலும் ஒரே சீராக நசுங்கியிருக்க வேண்டும், அதற்காகவே அது. மொத்த விசையைவிட அது எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே இங்கு முக்கியம். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கழற்றுவதற்கு முன்னால், கழற்றத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இதில் நம் மெக்கானிக்குகள் சிலர் காட்டும் அவசரம் எனக்கு உடன்பாடன்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டினால் நீரில் இடைவிடாது குமிழிகள் எழுகின்றனவா? எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா? வண்டி சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வருகிறதா? இவை கேஸ்கட் போனதற்கு அறிகுறிகள். எனினும் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டிவிடலாகாது. நாள்தோறும் கடைவீதி வரை மட்டுமே போய்வரும் வண்டியில், எஞ்சின் நன்றாகச் சூடேறாமல், காற்றின் ஈரமே எண்ணெயில் கலந்து காப்பி நிறம் காட்டுவதுண்டு. அழுத்தமானியைப் பிளக்குத் துளையில் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பதே நேர்மையான சோதனை. நான்கும் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாவிடில் நலம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் வீழ்ந்திருந்தால், அவ்விரண்டுக்கும் இடையே கேஸ்கட் எரிந்துபோயிற்று என்று பெரும்பாலும் துணியலாம். ஒரே ஒரு சிலிண்டரில் வீழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குற்றம் பிஸ்டன் வளையத்தில்; ஹெட்டை மட்டும் இறக்கிப் பயனில்லை. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுறலாம்.

கேஸ்கட் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சூடு. எங்கள் ஊர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்து நீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் வளையம் இற்றுப்போய் அழுத்தம் நிற்காவிட்டால், சென்னையில் கொதிக்காத வண்டி எங்கள் ஊர் மேட்டில் கொதிக்கும். மூடியை மாற்றச் சோம்பி ஹெட்டை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இறக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எஞ்சின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். மாலையில் வந்த வண்டியை மறுநாள் காலையில்தான் தொட வேண்டும் என்பது மாமாவின் சட்டம். முதலில் பாட்டரியின் எர்த் கம்பியை எடுத்துவிடவேண்டும். பிறகு ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். பிளாக்கின் பக்கத்திலும் ஒரு குழாய் உண்டு. அதையும் திறக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகின்றனர். அல்லது துருவால் அடைபட்ட அதைக் கம்பியால் குத்தித் திறக்கச் சோம்புகின்றனர். நீர் சிறிது உள்ளே நின்றாலும், ஹெட்டைத் தூக்கும்போது அது நேராகச் சிலிண்டருக்குள் சாயும். அதன்பின் காற்று வடிகட்டி, கார்புரேட்டர், அதற்கு வரும் பெட்ரோல் குழாய், முடுக்குக் கம்பி, சோக் கம்பி, மேல் ரப்பர்க் குழாய், வெப்பமானியின் குமிழ், பிளக்குக் கம்பிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இவை எந்த ஒழுங்கில் வந்தாலும் குற்றமில்லை. மேனிஃபோல்டு நட்டுகளிடம் மட்டும் பொறுமை வேண்டும். புகையின் சூட்டில் வெந்து வெந்து அவை ஸ்டட்டோடு ஒன்றாகியிருக்கும். முந்தின நாளே எண்ணெய் ஊறவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் எண்ணெய்? இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மூன்று மடங்காகப் பெருகுகிறது. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையே மயிரிழையளவே இடம் உண்டு. அந்த இடத்தில் பெருத்த துரு ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. மெல்லிய எண்ணெய் நுண்துளைக் கவர்ச்சியால் இழைகளுக்குள் ஏறி அந்த ஆப்பை வழுக்கச் செய்கிறது. அதற்கு நேரம் வேண்டும். நேரம் கொடுக்காதவன் ஸ்டட்டை முறித்துக்கொள்வான். முறிந்த ஸ்டட்டைத் துளைபோட்டு எடுப்பதற்கு ஒரு நாள் போய்விடும்.

இப்பொழுது வால்வு மூடியைத் திறக்கிறோம். உள்ளே எட்டு ராக்கர்கள் ஒரே தண்டில் வரிசையாக நிற்கின்றன. அத்தண்டை நான்கு தாங்கிகள் சுமக்கின்றன. ஒவ்வொரு தாங்கிக்கும் இரண்டு நட்டுகள், ஆக எட்டு. அவற்றில் நான்கு சிறியவை, நான்கு பெரியவை. நண்பர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். பெரிய நட்டுகள் நான்கும் ராக்கர் தாங்கியை மட்டும் பிடிப்பவை அல்ல. அவை அதே சமயம் ஹெட்டையும் பிடிப்பவை. நான் முன்னே சொன்ன பதினொன்றில் நான்கு இவையே. மற்ற ஏழும் ராக்கருக்கு வெளியே நிற்கின்றன. எஞ்சினை வகுத்தவர்கள் ஸ்டட்டுகளைச் சிக்கனம் செய்வதற்காகச் செய்த ஏற்பாடு இது. பார்வைக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறியாதவனுக்கு இதைவிடப் பெரிய பொறி வேறில்லை. ராக்கரை மட்டும் எடுப்பதாக நினைத்துக்கொண்டு அவன் எட்டு நட்டுகளைக் கழற்றும்போது, தன்னையறியாமல் ஹெட்டின் ஒரு வரிசைப் பிடியை முழுவதும் அவிழ்த்துவிடுகிறான். மற்ற ஏழும் முழு முறுக்கில் பிடித்தபடியே இருக்கின்றன.

அப்போது என்ன நிகழும்? இங்கேதான் என் பாட்டனாரின் சுரங்கத்திற்குப் போக வேண்டியிருக்கிறது. அவர் சாம்பியன் ரீஃபில் நிலத்தடியில், தாதுவை வெட்டியெடுத்த வெற்றிடங்களில் கருங்கல் தாங்குசுவர் கட்டும் குழுவில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மேலேயுள்ள பாறையின் கனம் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் எண்ணூறு கிலோவுக்குமேல் அழுத்துகிறது. ஓரிடத்துத் தாதுவை வெட்டி எடுத்தால் அவ்விடம் தாங்கிய சுமை எங்கே போகிறது? எங்கும் போவதில்லை, பக்கத்துப் பாறையின் தோளில் ஏறிக்கொள்கிறது. அந்தத் தோள் தாங்காதபோது பாறை வெடி போட்டதுபோல் சிதறும். அதுவே 'ராக் பர்ஸ்ட்'. எங்கள் ஊரில் அதன் அதிர்வில் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருண்டதையும், அதனினும் கொடியதாய், கீழே போனவர்கள் திரும்பாததையும் கூறாத குடும்பம் இல்லை. பாறை இயக்கவியலை ஆராய்வதற்கென்றே தேசிய நிறுவனம் ஒன்று 1988-ல் தங்கவயலில் தொடங்கப்பட்டதென்றால், அந்த இழப்பின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். "சுமையை எடுக்கிறேன்னு நினைக்காதே, இடம் மாத்துறேன்னு நினைச்சுக்கோ" என்று தாத்தா கூறுவார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

ஹெட்டிலும் நடப்பது இதுவே, சிறிய அளவில். நசுங்கியிருக்கும் கேஸ்கட் ஒரு வில்லைப் போன்றது. ஒரு நட்டை முழுதும் தளர்த்தினால் அவ்விடத்துக் கேஸ்கட் நிமிர்ந்து ஹெட்டை மேலே தள்ளும். பக்கத்து நட்டு விடாது. ஆகவே ஹெட் அந்தப் பக்கத்து நட்டையே அச்சாகக் கொண்டு வளையும். அந்த நட்டின் ஸ்டட் தன் பங்கான மூன்றேகால் டன்னுக்கும் மேலே சுமக்கும். நான்கு நட்டுகளை ஒரே வரிசையில் அவிழ்த்தால் ஹெட் நீளவாட்டில் முறுகும். வார்ப்பிரும்பு வளையும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை; மயிரிழையில் பாதி வளைந்தாலும் கேஸ்கட்டுக்கு அது போதும். நீர்வழியின் ஓரத்தில் பிடி தளர்ந்து, நீர் சிலிண்டருக்குள்ளும், புஷ் ராடுகள் இறங்கும் துளைகளின் வழியே கீழே எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் போகிறது.

இஃது ஏட்டுக் கற்பனை அன்று. சுரங்கம் மூடியபோது கிடைத்த பணத்தில் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, கல்யாண வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். வெளியூர்ச் சவாரி ஒன்றில் ராக்கர் தட்டுகிறது என்று வழியில் யாரோ ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். அவரும் நல்லெண்ணத்தோடு, நீரை வடிக்காமல், வெளி நட்டுகள் ஏழையும் தொடாமல், ராக்கரை மட்டும் இறக்கித் தண்டைச் சீர்செய்து பூட்டிக் கொடுத்திருக்கிறார். தட்டும் ஓசை நின்றது, உரியவருக்கு மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்து, தை மாதத்து முகூர்த்தங்கள் நெருங்கியிருந்த வேளையில், வண்டி எங்கள் பட்டறைக்குக் கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டது. எண்ணெய்த் தொட்டியைத் திறந்தால் மோர்போல் ஒன்று வடிந்தது. எண்ணெயில் நீர் கலந்தால் அது பேரிங்குகளுக்கு நஞ்சு. கிராங்குத் தண்டையே கழற்றிச் சாணைபிடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு தை முகூர்த்தம் முழுவதும் அவருக்கு வருமானமில்லை. முன்பணம் வாங்கியிருந்த மூன்று வீட்டாருக்கும் அதைத் திருப்பிக் கொடுத்தார். மாமா அவரிடம் மெக்கானிக்கைக் குறைகூறி ஒரு சொல் பேசவில்லை. என்னிடம் மட்டும், "பாத்துக்கோ மாப்ளே, நாலு நட்டு. அவன் கெட்டவன் இல்லே, எண்ணத் தெரியாதவன்" என்றார்.

ஆகவே முறை இதுதான்: ராக்கரை மட்டும் எடுப்பதாக இருந்தாலும், ஹெட்டையே எடுப்பதாக இருந்தாலும், பதினொரு நட்டுகளையும் ஒன்றாகவே நடத்த வேண்டும். நீரை வடித்த பின்பே தொடங்க வேண்டும். இறுக்கும்போது நடுவில் தொடங்கி ஓரத்திற்குச் செல்வது பொதுவிதி. தளர்த்தும்போது அதற்கு மாறாக, ஓரத்தில் தொடங்கி மாறிமாறி எதிர்முனைக்குத் தாவி நடுவில் முடிப்பது. முதற்சுற்றில் ஒவ்வொரு நட்டுக்கும் கால் திருப்பு மட்டுமே. பதினொன்றும் முடிந்தபின் மறுபடியும் முதலாவதிலிருந்து இன்னொரு கால் திருப்பு. மூன்றாம் சுற்றில் கை மணிக்கட்டுக்கே தெரியும், பாரம் போய்விட்டதென்று. அதற்குப் பிறகு கையாலேயே சுழற்றி எடுத்துவிடலாம். ஓரத்தில் தொடங்குவது ஏன்? ஓரங்கள் இறுகப் பிடித்திருக்க நடுவை அவிழ்த்தால், சூட்டைப் பெரிதும் தாங்கிய நடுப்பகுதி மேல்நோக்கிக் குமிழும். ஓரத்தை முதலில் விட்டால் ஹெட்டுக்கு நிமிர இடம் கிடைக்கிறது. ஒழுங்கைவிடவும் முக்கியமானது சிறிது சிறிதாக விடுதல். ஒழுங்கு தவறியும் கால் கால் திருப்பாக விட்டவன் தப்பித்துக்கொள்வான். ஒழுங்கு பிசகாமல் ஒரேயடியாக அவிழ்த்தவன் தப்பமாட்டான். நல்ல ரிங் ஸ்பானரோ பாக்ஸ் ஸ்பானரோதான் வேண்டும். வாய்திறந்த ஸ்பானர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.

ராக்கர்த் தண்டை அப்படியே தூக்கி எடுத்தபின் எட்டுப் புஷ் ராடுகள் தெரியும். ஒவ்வொன்றையும் வெடுக்கென்று உருவாமல், சற்று ஆட்டித் திருகி, அடியிலுள்ள டேப்பட்டிலிருந்து விடுவித்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயின் பிடிப்பால் டேப்பட்டும் உடன் எழுந்துவரும். எந்த ராடு எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத் திரும்ப வேண்டும். பல்லாயிரம் மைல் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய ஜோடிகள் அவை. பிரித்து வேறு ஜோடி சேர்த்தால் தேய்மானம் புதிதாகத் தொடங்கும். அட்டைப்பெட்டி ஒன்றில் எட்டுத் துளையிட்டு எண் எழுதி அதில் குத்திவைப்பது மாமாவின் வழக்கம். ஒரு பைசாச் செலவில்லாத இந்த அட்டையைவிடப் பயனுள்ள கருவி பட்டறையில் வேறில்லை என்பேன்.

நட்டுகள் போய்விட்டன, ஆயினும் ஹெட் அசைவதில்லை! ஆண்டுக்கணக்கில் வெந்த கேஸ்கட் பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஸ்டட்டுகளைச் சுற்றிலும் துரு பிடித்திருக்கிறது. இவ்விடத்தில்தான் பொறுமை இழந்தவன் திருப்புளியையோ உளியையோ இடைவெளியில் செருகி நெம்புவான். அந்த ஒரு நெம்பலில் விழும் கீறல் வழியே பின்னர் வாயு கசியும். ஹெட்டின் முகத்தில் விழுந்தால் தேய்த்துச் சமன் செய்யலாம். பிளாக்கின் முகத்தில் விழுந்தாலோ எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். எனவே நெம்பக் கூடாது. மரத்துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டலாம். அசையாவிடில் எஞ்சினையே துணைக்கு அழைக்கலாம். பிளக்குகளைத் திரும்பவும் பூட்டி, அம்பாசிடருக்கே உரிய கைப்பிடியை முன்னால் செருகிச் சுழற்றினால், ராக்கர் இல்லாததால் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும். பிஸ்டன் மேலேறும்போது அகப்பட்ட காற்று ஹெட்டை அடியிலிருந்து சீராகத் தள்ளும். 'பொக்' என்ற ஓசையுடன் பிடி விடும். அதற்கும் மசியாத ஹெட்டுக்கு இன்னொரு வழி உண்டு. பிஸ்டன் கீழிருக்கும்போது பிளக்குத் துளை வழியே மெத்தென்ற பருத்திக் கயிற்றைச் சுருள்சுருளாக உள்ளே விட்டு, நுனியை வெளியே வைத்துக்கொண்டு, கைப்பிடியை மெல்லச் சுழற்றினால் பிஸ்டன் கயிற்றையும், கயிறு ஹெட்டையும் தள்ளும். காற்றைப்போல் கயிறு கசியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக்கொண்டு இதைச் செய்யலாகாது. கையின் நிதானம் மோட்டாருக்கு இல்லை.

பிடி விட்டதும் இருபுறமும் இருவர் நின்று ஸ்டட்டுகளின் வழியே நேர்மேலே தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் ஸ்டட்டில் சிக்கிக்கொள்ளும். இரும்பு ஹெட், தனி ஆள் பானெட்டுக்குள் குனிந்து தூக்கினால் முதுகைப் பதம்பார்க்கும் எடையுள்ளது. எடுத்ததை மரப்பலகைமீது பக்கவாட்டில் வைக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் கவிழ்த்து வைப்பவனிடம் நம் வண்டியை மறுபடி விடலாகாது.

நாம் இதுவரை கண்டது இரும்பின்மேல் இரும்பு. சென்னை வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இவ்வினத்தது. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட் 1100 வேறு இனம். அதன் பிளாக் இரும்பு. ஹெட் அலுமினியக் கலவை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு நீள்கிறது. நாற்பது செண்டிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் எண்பது பாகை சூடேறினால் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் நீளும். கீழேயுள்ள இரும்போ அதில் பாதியே. ஆகையால் சூடாக இருக்கும்போது நட்டைத் தொட்டால், இழுபறியில் இருக்கும் ஹெட், விட்ட நிலையிலேயே கோணிக்கொள்ளும். 'மறுநாள் காலை' என்ற சட்டம் அம்பாசிடருக்கு நல்லது, பத்மினிக்குக் கட்டாயம். மேலும் எஃகு ஸ்டட்டும் அலுமினியமும் நீரில் ஒருங்கே நனைந்தால் அவை சிறு மின்கலம்போல் ஆகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. அப்பொடி ஸ்டட்டைச் சுற்றி இறுகுவது துருவினும் கொடிது. அங்கே ஓர் இரவு போதாது. இரண்டு மூன்று நாள் எண்ணெய் ஊறவேண்டும்.

எடுத்தாயிற்று. சிலிண்டர்களின் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிட்டு, ஹெட்டையும் பழைய கேஸ்கட்டையும் வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கழுவுவதற்கு முன்பே படிக்க வேண்டும். மண்ணெண்ணெய் பட்டால் சாட்சியம் அழிந்துவிடும். கேஸ்கட்டில் எவ்விடம் கருகியிருக்கிறதோ அவ்விடமே வாயு சென்ற வழி. இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கிடையே அது மிகுதியாகக் காணப்படும். அவ்விரண்டின் புகையும் ஹெட்டில் ஒரே வழியாக வெளியேறுவதால் அவ்விடம் எப்போதும் மிகச் சூடானது. எரியறைகள் மூன்றில் கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அதற்குள் நீர் போய்க்கொண்டிருந்தது என்று பொருள்.

பின்னர் மரச்சுரண்டியால் முகத்தைத் துப்புரவு செய்து, நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை ஹெட்டின்மேல் நீளவாட்டிலும், அகலவாட்டிலும், மூலைக்கு மூலை இரு குறுக்காகவும் வைத்து, அடியில் ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை வைக்கும்போதுதான் முறுக்கம் தெரியும். நீளவாட்டில் மட்டும் பார்த்தவனுக்கு அது தெரியாது. அந்தக் கல்யாண வண்டியின் ஹெட்டை மாமா இவ்வாறு பார்த்தபோது ஒரு குறுக்கில் தகடு நுழையவில்லை. மற்றக் குறுக்கில் தடையின்றி நுழைந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட தகடு நுழையுமானால் ஹெட்டைத் தேய்ப்பு எந்திரத்திற்கு அனுப்ப வேண்டும். அங்கேயும் எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் சமனாகுமோ அவ்வளவே தேய்க்கச் சொல்ல வேண்டும். மிகுதியாகத் தேய்த்தால் எரியறை சுருங்கி, எஞ்சின் மேட்டில் ஏறும்போது தட்டத் தொடங்கும். பழைய கேஸ்கட்டை, எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நசுங்கிய வில் மறுமுறை நிமிராது. பூட்டும் முறை தனிக் கட்டுரைக்கு உரியது. மலர்க் குழுவினர் இடம் தந்தால் அடுத்த மலரில் எழுதுவேன்.